கூப்பிட்டால் போக வேண்டும்

லாங் ஐலண்ட்
8 ஜனவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்காதீர்கள். எத்தனையோ தடவை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஷோபனா அக்கா ஒரு தடவை எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்றார்கள். மறுநாளும் நீங்கள் குளித்துக்கொண்டேதான் இருந்தீர்கள். அதனால் படகில் வேலை பார்க்கும் ரவிக்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபீனிக்ஸ் பே படகு ஜெட்டியில் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கும் மனுஷர் எங்கே ஓடிவிட முடியும்?

விஷயம் இதுதான். கொரோனாவுக்குப் பிறகு ஊர் எழுந்திருக்கவே இல்லை, அத்தான். மர ஆலை மூடியதோடு பாதி ஊர் போனது. மிச்சம் இருந்தவர்கள் வந்துபோகும் ஆட்களை நம்பி இருந்தார்கள், அதுவும் இரண்டு வருஷம் நின்றது. இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. வெளியூர் விருந்தாளிகளை நம் வீடுகளிலேயே தங்க வைப்பது. ஓட்டல் கிடையாது, முதலாளி கிடையாது. ஊரே சேர்ந்து நடத்தும். வருகிறவர் இந்த வீடு வேண்டும், அந்த வீடு வேண்டும் என்று கேட்க முடியாது. ஜெட்டியில் பலகை தொங்கும், அதில் யார் முறையோ அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். நம் மீன், நம் தேங்காய், நம் பேச்சு. ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் தீவில் ஏற்றுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். குடிதண்ணீர் இருப்பதே கொஞ்சம்.

இதற்குப் பன்னிரண்டு வீடுகளாவது பதிவு செய்ய வேண்டும். மார்ச் கடைசிக்குள் முடியாவிட்டால், கடற்கரை ஓரத்தை மெயின்லேண்ட் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அவர்கள் வந்தால் நாம் அவர்களுக்குப் பாத்திரம் தேய்ப்போம், அவ்வளவுதான். பதினோரு வீடு தயார். பன்னிரண்டாவது நம் வீடு.

வீடு மாமா பேரில் இருந்து உங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. உங்கள் தம்பி போய்விட்டார். நீங்கள் கையெழுத்துப் போடாமல் என்னால் ஒரு அறையைக்கூடக் கொடுக்க முடியாது. படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் போட்டால் போதும்.

அவர் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுகிர்தா

*

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
17 ஜனவரி 2024

சுகிர்தா,

உன் 8ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. படிவமும் கிடைத்தது. திருப்பி அனுப்பவில்லை, கையெழுத்தும் போடவில்லை. என்னிடம் இருக்கிறது.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஒன்று மட்டும் விளங்கவில்லை. 2020இல் இதே ஊர்தான் ஜெட்டியில் மூங்கில் கட்டியது. யாரும் இறங்கக் கூடாது என்று கமிட்டி போட்டது. அந்தக் கமிட்டிக்குச் செயலாளர் யார்? நீ. அன்றைக்குச் சொந்த ஊர்க்காரனை இறங்க விடாதவர்கள் இன்றைக்கு முன்பின் தெரியாதவனுக்குப் பலகை எழுதி, பாய் விரித்து, மீன் குழம்பு ஊற்றப் போகிறீர்கள். பேஷ்.

நான் முப்பத்தோரு வருஷமாக ஜெட்டியில் இருக்கிறேன். எந்தப் படகில் யார் ஏறினான், எங்கே இறங்கினான் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. என் தம்பி விஷயத்தில் மட்டும் என்னிடம் ஒரு வரியும் இல்லை. 11 ஜூன் சாயங்காலம் ஊர்த் தலைவர் வெள்ளைச்சாமி போன் செய்து, "நந்தகுமார் ஓடையில கெடந்தாப்ல, எப்ப வந்தாருன்னு யாருக்கும் மாலூம் இல்ல, இங்கயே அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த தகவல். அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. அப்போது படகே இல்லை.

எப்போது வந்தான்? யார் பார்த்தார்கள்? நீ எங்கே இருந்தாய்? இதற்குப் பதில் எழுது. அதன்பின் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

ராஜவேல்

*

லாங் ஐலண்ட்
29 ஜனவரி 2024

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. எழுதியிருந்தால் ரவிக்குமார் கையில் கொடுக்கக்கூடிய கடிதமாக இருந்திருக்காது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்கள். இங்கேதான் இருந்தேன். வெள்ளைச்சாமி சித்தப்பா சொன்னதுதான் நடந்தது. நான் ஒன்று கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள். அவர் மார்ச்சில் என்ஜின் பாகம் வாங்க போர்ட் பிளேர் வந்தார். லாக்டவுனில் உங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். ஜூன் இரண்டாம் தேதி என்னிடம் கடைசியாகப் போனில் பேசினார். லேசாக இருமல், வேறொன்றும் இல்லை என்றார். அடுத்த வாரம் மழையில் எங்கள் டவர் விழுந்து, பதினோராம் தேதிதான் சரியானது. படகே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் டெய்ரி ஃபார்மில் இருமிக்கொண்டு படுத்திருந்த மனுஷர் லாங் ஐலண்ட் ஓடைக்கு எப்படி வந்தார்? நீந்தியா?

சரி, சண்டை இருக்கட்டும். ஊர்ச் சேதி சொல்கிறேன்.

பதிவுக்கு முன்னால் ஒத்திகை மாதிரி ஒரு விருந்தாளியை ஏற்றுக்கொண்டோம். பூனாவில் இருந்து வந்த ஓய்வு பெற்ற டீச்சரம்மா. முறைப்படி ஜெயராணி வீட்டில்தான் தங்கினார். நம் வீட்டுக்கு அடுத்த வீடு. அந்த அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியம். நம் கிணற்றைக்கூடப் படம் எடுத்தார். ஓடைப் பக்கம் போகாதீர்கள், முதலை உண்டு என்று சொல்லி வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று டீச்சரம்மா தலையைத் தூக்கி, "கோயீ புலா ரஹா ஹை" என்றார். யாரோ கூப்பிடுகிறார்களாம். ஜெயராணி கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு, "குச் நஹீ மேடம், சிடியா ஹை" என்றாள். பறவையாம். அந்த அம்மா விடவில்லை. "பறவை இல்லை, ஆம்பிளைக் குரல், ஓடைப் பக்கமிருந்து வருது" என்றார். ஜெயராணி என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. அரே பாபா, இதென்ன வம்பு என்று சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மத்தியானத்தில் ஓடையில் கடல் நீர் வடிகிற நாட்களில் அந்தக் குரல் வரும், அத்தான். நாலு வருஷமாக வருகிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். மனசு கெட்டுப்போனவளுக்கு ஏதோ காதில் விழுகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. பூனாக்காரிக்கு ஏன் கேட்க வேண்டும்? அவளுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

இதை எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. கிழித்துப் போட்டால் வேறு தாள் இல்லை.

சுகிர்தா

*

டெய்ரி ஃபார்ம்
6 பிப்ரவரி 2024

சுகிர்தா,

பேய்க்கதை கேட்க எனக்கு நேரமில்லை. ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் கடன் வைக்க மாட்டேன்.

அவனை நான்தான் அனுப்பினேன்.

இதை ஷோபனாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. இங்கே வீடு உனக்குத் தெரியும், ஒரே கூடம், ஒரு அறை. குவார்ட்டர்ஸ் வரிசையில் முதலாவது வீட்டில் ஒருவருக்கு வந்து, தெருவை நாடா கட்டி அடைத்தார்கள். சின்னவளுக்கு அப்போதுதான் ஆஸ்துமா கூடியிருந்தது. ராத்திரி பகலாக நந்து இருமுகிறான். ஒவ்வொரு தடவை அவன் இருமும்போதும் ஷோபனா பிள்ளையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போவாள். அவன் அதைப் பார்ப்பான். யாரும் வாயைத் திறந்து போ என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பயணிப் படகுதான் நின்றிருந்தது. ரேஷன் ஏற்றிக்கொண்டு சரக்குப் படகு ஒன்று ரங்கத் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் பேர் எழுதாமல் அதில் ஏற்றினேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே திருட்டுத்தனம் அதுதான். அங்கிருந்து டிங்கிக்காரன் ஒருவன் தன் சின்னப் படகில் கொண்டுபோய் விட்டான். ஜெட்டியில் மூங்கில் கட்டியிருந்ததால் ஓடை வாயில் இறக்கினான். 9 ஜூன், மத்தியானம் இரண்டு மணி. இறக்கிவிட்டு உடனே திரும்பிவிட்டதாகச் சொன்னான். அவனுக்கும் பயம்.

உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் செயலாளராகத்தான் பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். போய் நின்றுவிட்டால் பெண்டாட்டியாகப் பதில் சொல்வாய் என்று நினைத்தேன்.

ஆக, ஒன்பதாம் தேதி இரண்டு மணிக்கு இறங்கினான். பதினோராம் தேதி கண்டெடுத்தீர்கள். ஓடைக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். நான் பிறந்த வீடு அது. நடுவில் இரண்டு நாள் என்ன நடந்தது?

ராஜவேல்

*

லாங் ஐலண்ட்
19 பிப்ரவரி 2024

அத்தான்,

சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது ஷோபனா அக்கா பக்கத்தில் இருக்கட்டும்.

ஓடை வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ரங்கத்திலிருந்து டிங்கியில் வருகிறவன் ஜெட்டிக்குச் சுற்றாமல் ஓடை வாயில் இறங்குவான். நீர் ஏறியிருந்தால் படகே உள்ளே வரும். வடிந்திருந்தால் இடுப்பளவு சேறு, தனியாகக் கடக்க முடியாது. அலையாத்தி மரம் மறைப்பதால் ஆளும் தெரியாது. அதனால் "ஓய்" என்று கூப்பிடுவான். கேட்ட வீட்டுக்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு போய், சேற்றில் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வருவார். யார் எவர் என்று கேட்கிற பழக்கம் இல்லை. கூப்பிட்டால் போக வேண்டும். நம் ஊரில் எழுதாமலே எல்லோரும் மதித்த சட்டம் அது ஒன்றுதான்.

ஏப்ரலில் கமிட்டி அதை மாற்றியது. ஓடையில் யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது, செயலாளரிடம் சொல்ல வேண்டும், செயலாளர்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதியது நான். மே மாதம் ஜெயராணியின் புருஷன் விஜயன் ஹட்பேயில் வேலை முடிந்து எப்படியோ டிங்கி பிடித்து வந்துவிட்டான். ஜெட்டியில் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் உட்கார்ந்திருந்தான். ஜெயராணி என் காலைப் பிடித்தாள். "அக்கா, தனிக் குடிசையில வச்சிக்கிறேன், யாரும் பக்கத்துல வரவேணாம்" என்றாள். நான், "உனக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமாடி? பந்த்னா பந்த்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவன் ரங்கத்தில் யாரோ வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு மாதம் கிடந்தான்.

ஜூன் ஒன்பதாம் தேதி மழை விட்டிருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டரை இருக்கும். "ஓ...ய்" என்று குரல் வந்தது.

அவர் குரல். பத்தொன்பது வருஷம் கேட்ட குரல், எனக்கா தெரியாது? முறத்தைக் கீழே வைத்தேன். எழுந்தேன். வாசல் வரைக்கும் போனேன். அடுத்த வீட்டு வாசலில் ஜெயராணி நின்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள். அவளைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. இவள் புருஷனை வெயிலில் திருப்பி அனுப்பிவிட்டு என் புருஷனுக்குப் பலகை தூக்கிக்கொண்டு எப்படிப் போவேன்? திரும்பி வந்து உட்கார்ந்தேன். முறத்தை எடுத்துப் புடைத்தேன். தவிடே இல்லாத அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தேன்.

விட்டு விட்டுக் கூப்பிட்டது. நீர் ஏற ஆரம்பித்ததும் நின்றது. வேறு வீட்டார் யாராவது போயிருப்பார்கள், நான் அனுமதி கொடுத்ததாகவும் ஆகாது, அவர் வந்ததாகவும் ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். சாயங்காலம் வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. அப்படியானால் அவர் இல்லை, வேறு யாரோ, படகிலேயே திரும்பிப் போய்விட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மறுநாளும் போய்ப் பார்க்கவில்லை. போனால் தெரிந்துவிடுமே என்று போகவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளைச்சாமி சித்தப்பா நண்டு பிடிக்கப் போய்ப் பார்த்தார். வேரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாராம். எனக்கு முகம் காட்டவில்லை. பிளாஸ்டிக் கோட்டுப் போட்ட நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் கொன்றேன், அத்தான். இதற்கு மேல் உங்களிடம் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

சுகிர்தா

*

டெய்ரி ஃபார்ம்
24 பிப்ரவரி 2024

படித்தேன். கையெழுத்துப் போட முடியாது.

ராஜவேல்

*

லாங் ஐலண்ட்
11 மார்ச் 2024

அத்தானுக்கு,

உங்கள் ஒற்றை வரி கிடைத்தது. நியாயம்தான். இனி கையெழுத்துக் கேட்டு எழுத மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்ல இதை எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். பதிவுக்கு இருபது நாள்தான் பாக்கி. வெள்ளைச்சாமி சித்தப்பா எல்லோருக்கும் முன்னால், "என்னம்மா சுகிர்தா, போர்ட் பிளேர்லேர்ந்து படிவம் வந்துச்சா?" என்றார். வராது என்றேன். ஏன் என்றார். ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. எழுந்து நின்று உங்களுக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். அன்றைக்கு அவர் கூப்பிட்டார், எனக்குக் கேட்டது, நான் போகவில்லை, அதனால் என் வீட்டில் விருந்தாளியை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை, அவர் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டார், ஊர்ப் பிழைப்பு என்னால் கெட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் துப்பவில்லை.

முதலில் வாயைத் திறந்தது ஜெயராணி. "அக்கா, அது நந்தண்ணன் கொரல்னு யாரு சொன்னா? அது எங்க வீட்டுக்காரரு கொரல். ரங்கத்துலேர்ந்து மறுபடி வந்துட்டாருன்னு நெனச்சேன். மறுபடி உன் காலப் புடிக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் வாசல்லயே நின்னேன்" என்றாள். விஜயன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் அவளைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. நாலு வருஷமாக அவனிடமும் சொல்லவில்லை போல.

வெள்ளைச்சாமி சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எம் மவன்னு நெனச்சேன். மெட்ராஸ்லேர்ந்து எப்படியோ வந்துட்டான்னு நெனச்சேன். தலைவரு வீட்டுலயே சட்டத்த மீறுனா ஊரு என்ன பேசும்னு ரேடியோவ சத்தமா வச்சேன்" என்றார். மூன்றாம் நாள் ஓடைக்குப் போனாரே, அது நண்டுக்காக இல்லையாம். செத்தது தன் மகன்தானா என்று பார்க்கப் போனாராம். நந்து என்று தெரிந்ததும், அப்பாடா என்று ஒரு நொடி தோன்றியதாம். அதைச் சொல்லிவிட்டு அந்த மனுஷர் அழுத அழுகை இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்கு அவர் மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வீடாகச் சொன்னார்கள். ஒருத்திக்கு அண்ணன். ஒருவருக்கு மருமகன். வங்காளி வீட்டுப் பாட்டி அது தன் பேரன் என்றாள், அவள் பேரன் அன்றைக்குக் கல்கத்தாவில் இருந்தான். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, அத்தான். வெளியே ஆள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் ஆள் குரலாகக் கேட்டிருக்கிறது. தன் ஆள் என்று நினைத்ததால்தான் ஒருவரும் போகவில்லை. வேறு யாராவது என்று நினைத்திருந்தால் யாராவது வந்து என்னிடமாவது சொல்லியிருப்பார்கள்.

இன்றும் எல்லோருக்கும் கேட்கிறதாம். விருந்தாளி யாராவது கேட்டால் பறவை என்று சொல்லிவிட வேண்டும் என்று தனித்தனியாக எல்லோருமே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் பதிவைப் பற்றி மேற்கொண்டு யாரும் பேசவில்லை. வருவது வரட்டும்.

சுகிர்தா

*

டெய்ரி ஃபார்ம்
18 மார்ச் 2024

அன்புள்ள சுகிர்தா,

படிவம் இத்துடன் வருகிறது. நீ பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஷோபனா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ரவிக்குமாரிடம் தண்ணீர் படாமல் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்றே எனக்கு ஒன்று தெரிந்தது. உனக்கு எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் நாலு வருஷம் வெந்தேனே, இவளும் கொஞ்சம் வேகட்டும் என்று நினைத்தேன். அந்த ஒற்றை வரியை எழுதி உறையில் ஒட்டும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த அளவுக்கு நான் கெட்டுப்போயிருந்தேன்.

விஷயத்தைச் சொல்கிறேன். நீ கேட்டது நந்துவின் குரல் இல்லை.

அவனுக்குக் குரலே இல்லை, சுகிர்தா. ஐந்தாம் தேதியிலிருந்து தொண்டை கட்டி, ஏழாம் தேதி சுத்தமாகப் போய்விட்டது. காற்றுத்தான் வந்தது. எங்களிடம் கையைக் காட்டித்தான் தண்ணீர் கேட்டான். உன்னிடம் ஏன் போனில் பேசவில்லை என்று நீ நினைத்திருப்பாய். பேச முடியவில்லை, அதுதான் காரணம். டவர் விழுந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எட்டாம் தேதி விடியற்காலை ஃபீனிக்ஸ் பேயில் சரக்குப் படகில் ஏற்றும்போது எனக்கே அது உறைத்தது. "ஓடையில எறங்கி எப்படிடா கூப்பிடுவே?" என்று கேட்டேன். சிரித்தான். கையைத் தட்டிக் காட்டினான். தட்டினான் என்று பேர்தான், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அத்தனை பலவீனம். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "சரி, போய்ச் சேரு" என்று ஏற்றிவிட்டேன். கூப்பிட்டால்தான் ஆள் வரும் ஓடைக்குக் குரல் இல்லாத தம்பியை அனுப்பியவன் நான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் தெரியாமல் செய்தான் என்று சொல்லலாம். அந்த ஓடையில் நானே எத்தனை தடவை நின்று கத்தியிருக்கிறேன்.

டிங்கிக்காரனையும் போன வாரம் தேடிப் பிடித்துக் கேட்டேன். இறக்கிவிட்டதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டானாம். நந்து கூப்பிடவில்லையாம். கூட வேறு ஆளும் இல்லை.

அதனால் நீ கேட்டும் போகாமல் இருந்தாய் என்ற பழி உன்மேல் இல்லை. அவன் உன்னைக் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு உங்கள் ஊரைக் கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியாது. கொன்றது நீ இல்லை என்று எழுதத்தான் இந்தக் கடிதம். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ராஜவேல்

*

லாங் ஐலண்ட்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

படிவம் நனையாமல் வந்தது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி பன்னிரண்டு வீடும் பதிவாகிவிட்டது. முதல் விருந்தாளிகள் நாளை மறுநாள் வருகிறார்கள். சூரத்துக்காரர்கள், ஒரு குடும்பம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். முதல் ஒரு மணி நேரம் லேசாகத்தான் இருந்தது. அவர் என்னைக் கூப்பிடவில்லை, நான் கேட்டும் போகாதவள் இல்லை என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அப்புறம்தான் புரிந்தது. கூப்பிட்டாவது இருக்கலாமே, அத்தான். நாலு வருஷமாக என் காதில் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், என்னைத் திட்டுகிற மாதிரியாவது துணையாக இருந்தார். இப்போது நினைத்துப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லாமல் அந்த வேரில் சாய்ந்து, நம் வீட்டுப் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையைத் தட்டியிருப்பார். இது அதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் நீங்கள் எழுதியிருந்தால் நான் கூட்டத்தில் எழுந்து பேசியிருக்க மாட்டேன், ஊரும் பேசியிருக்காது. அதை நினைத்துக் கொஞ்சம் ஆறுகிறது. முழுக்க ஆற நாளாகும்.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். ஷோபனா அக்கா பேர் வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அப்படியானால் கூப்பிட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப் பயம். விஜயன்தான், "யாராவேணா இருக்கட்டும். கூப்ட்டாத்தான் போவோம்னு உக்காந்திருந்தோம் பாரு, அதான் தப்பு. கூப்பிட முடியாதவன் என்ன செய்வான்?" என்றான். ஜெட்டியில் திருப்பி அனுப்பப்பட்டவன் அவன். அவன் சொன்னதற்கு மறுத்துப் பேச யாருக்கு வாய் இருக்கிறது?

அதனால் ஜெட்டிப் பலகையில் இரண்டாவது முறை ஒன்று எழுதிவிட்டோம். முதல் முறை விருந்தாளிக்கு. இரண்டாவது ஓடைக்கு. பகலில் நீர் வடியும்போதெல்லாம் ஒரு வீட்டார் பலகையோடு ஓடை வாய்க்குப் போய், நீர் ஏறும்வரை நிற்க வேண்டும். சத்தம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. விருந்தாளிகள் கேட்டால் பறவை என்று சொல்வதையும் விட்டுவிட்டோம். இப்படி ஒன்று இருக்கிறது, நாங்கள் போய் நிற்கிறோம், வேண்டுமானால் கூட வாருங்கள் என்று சொல்லப்போகிறோம். பயந்து ஓடுகிறவர்கள் ஓடட்டும், சலேகா, பரவாயில்லை.

முதல் நாள் வெள்ளைச்சாமி சித்தப்பா வீட்டு முறை. ஊரே பின்னால் போனோம். இரண்டரைக்குக் குரல் வந்தது. பக்கத்தில் நின்று கேட்டால் யாருடைய குரல் மாதிரியும் இல்லை. அங்கே சேறும் வேரும்தான் இருந்தன. சித்தப்பா பலகையைப் போட்டுவிட்டு, ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "வாங்க, லேட்டாயிருச்சு, வாங்க" என்றார். விருந்தாளியைக் கூப்பிடுகிற அதே மரியாதையோடு சொன்னார். குரல் நிற்கவில்லை. நின்றுவிடும் என்று நானும் நம்பித்தான் போயிருந்தேன். அடுத்த நாளும் வந்தது. இன்னும் வருகிறது.

நீங்கள் வர வேண்டும், அத்தான். உங்கள் வீடு இது. ஜெட்டி வழியாக வர மனசில்லை என்றால் ரங்கத்தில் டிங்கி பிடித்து ஓடை வழியாக வாருங்கள். அங்கே நின்று கத்தத் தேவையில்லை. சும்மா வந்து நில்லுங்கள், ஆள் இருக்கும்.

இன்று நம் வீட்டு முறை. மணி ஒன்றரை ஆகிறது, நீர் வடியத் தொடங்கிவிட்டது. இதை மடித்து ரவிக்குமாரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சுகிர்தா